காசு தீர்ந்த மறுநாள்: இளம் ஓவியர் எந்த நல்கைக்கு விண்ணப்பிக்கலாம்?

போன வாரம் கும்பகோணத்திலிருந்து ஒரு பெண் அழைத்தாள். அங்குள்ள அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்து முடித்து இரண்டு வருடம் ஆகிறது, வயது 24, எட்சிங் செய்கிறாள், அதாவது உலோகத் தகட்டை ஆசிட்டால் அரித்து, மை பூசித் தாளில் அச்சு எடுப்பது. அப்பாவுக்கு நாச்சியார்கோவிலில் ஒரு குத்துவிளக்குப் பட்டறையில் வேலை. பகலில் தனியார் பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்துவிட்டு, ராத்திரி சாப்பாடு முடிந்த பிறகு தகட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறாள். "அண்ணா, அஞ்சு கிராண்ட் லிங்க் அனுப்பிருக்கேன். எல்லாத்துக்கும் போடவா, ஒண்ணே ஒண்ணுக்கு ஒழுங்கா போடவா?" என்று கேட்டாள்.

அரை மணி நேரம் பேசினேன். வைத்த பிறகுதான் பாதியைச் சொல்லாமல் விட்டது தெரிந்தது. இதே கேள்வியை வருடத்துக்கு நாலைந்து பேராவது கேட்கிறார்கள், அதனால் முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் அச்சோவியம் செய்பவன், ஆகவே ஓவியம், சிற்பம், புகைப்படம் பக்கமே பேசுகிறேன். இசைக்கும் நடனத்துக்கும் சபா, குரு, கச்சேரி என்று வேறு வழி இருக்கிறது.

நல்கை (கிராண்ட்) என்றதும் எல்லாரும் முதலில் பார்ப்பது தொகையைத்தான். அது தப்பில்லை, வீட்டு வாடகை வருகிறபோது எனக்கும் அதுதான் முதலில் கண்ணில் படும். ஆனால் நான் நாலு இடத்தில் வாங்கி, அதைவிடப் பல மடங்கு இடத்தில் கிடைக்காமல் போய்க் கற்றுக்கொண்டது வேறு கேள்வி: அந்தக் காசு தீர்ந்த மறுநாள் காலையில் என் கையில் என்ன இருக்கும்? நேரம் மட்டும் கிடைத்து அது போய்விட்டதா, நாலு மனிதர்கள் பழக்கமானார்களா, ஒரு கருவியாவது தங்கியதா, இல்லை அடுத்த மூன்று வருடம் என்னை இழுத்துக்கொண்டு போகும் ஒரு விஷயம் பிடிபட்டதா? அவள் அனுப்பிய ஐந்தையும் இதை வைத்தே பார்க்கிறேன்.

முதலில் மத்திய கலாச்சார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை. இது அரசுப் பணம். இதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நம் ஊர் மாணவர்களுக்கு முதலில் எட்டுவது இதுதான். 18 முதல் 25 வயது வரை, மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருடம். கூட்டிப் பார்த்தால் 1,20,000. மாதாமாதம் வராது, ஆறு மாதத்துக்கு ஒரு தவணையாகத்தான் வரும். ஒரு குருவிடமோ நிறுவனத்திலோ மேற்பயிற்சி பெறுவதற்கான தொகை இது, அதனால் அந்தக் குருவின் சம்மதம் இருந்தாக வேண்டும். நல்ல விஷயம் என்னவென்றால் வருடத்துக்கு 400 பேர் வரை எடுக்கிறார்கள். 25 வயதைத் தாண்டிவிட்டால் அதே அமைச்சகத்தின் இளையர் நல்கை (ஜூனியர் ஃபெலோஷிப்) இருக்கிறது: 25 முதல் 40 வயது வரை, மாதம் 10,000, இதுவும் இரண்டு வருடம், ஆனால் இதற்கு ஆய்வுத் திட்டம் ஒன்றை எழுதிக் கொடுக்க வேண்டும்.

5,000 ரூபாயில் சென்னையில் ஒரு அறை வாடகைகூடக் கட்ட முடியாது. கும்பகோணத்தில் அம்மா அப்பாவோடு இருக்கும் ஒருத்திக்கு அதே 5,000 தகடு, ஆசிட், மை, தாள் எல்லாவற்றுக்கும் ஓடிவிடும். ஒரே தொகை எங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டு வேறு தொகை ஆகிவிடுகிறது. அவளுக்கு 24 வயது என்பதால் இதை இந்த வருடமே போட்டுவிடச் சொன்னேன், மற்றதெல்லாம் காத்திருக்கும், வயது காத்திருக்காது. காசு தீர்ந்த மறுநாள்? இரண்டு வருடப் பயிற்சி கையில் இருக்கும், குரு நல்லவராக அமைந்தால் அதுவே பெரிய சொத்து. ஆனால் இது உங்களை யாருக்கும் அறிமுகப்படுத்தி வைக்காது.

அறிமுகத்துக்கு ரெசிடென்சிதான். டெல்லியில் கோஜ் என்கிற அமைப்பு 1997-இல் கலைஞர்களே சேர்ந்து தொடங்கியது. கிர்க்கி எக்ஸ்டென்ஷனில், சாகேத்தின் பளபளக்கும் மால்களுக்கு எதிர்ப்புறம், இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்க வேண்டிய சந்துக்குள் இருக்கிறது. அவர்களுடைய பியர்ஸ் ரெசிடென்சி கல்லூரி முடித்த கையோடு இருக்கும் இளைஞர்களுக்கென்றே வைத்தது. சில வாரம் அங்கேயே தங்கி வேலை செய்யலாம், ஸ்டுடியோ உண்டு, செலவுக்குப் பணம் உண்டு, கடைசியில் கதவைத் திறந்து எல்லாரையும் வரச்சொல்லிக் காட்டுவார்கள். ஓவியர்களோடு ஒரு இளம் விமர்சகரும் கூடவே தங்கி, நடப்பதைப் பார்த்து எழுதுவார். இந்தக் கடைசி விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வேலையைப் பற்றி உங்கள் அம்மாவோ வாத்தியாரோ அல்லாத ஒருவர் இரண்டு பக்கம் எழுதிய தாள், அதற்குப் பிறகு நீங்கள் போடும் ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் போகும்.

தொகையாகப் பார்த்தால் ரெசிடென்சிதான் எல்லாவற்றிலும் சின்னது. ஆனால் என் முதல் ரெசிடென்சியில் (டெல்லி இல்லை, வேறு ஊர்) என்னோடு சமையலறையைப் பகிர்ந்துகொண்ட நாலு பேரில் மூன்று பேர் இன்றும் எனக்கு வேலை சொல்லி அனுப்புகிறார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு சாதம் வடித்துக்கொண்டே ஒருவர், "உன் தகட்டைவிட நீ மை துடைத்துப் போடும் துணிதான் நல்லா இருக்கு" என்றார். முதலில் கோபம் வந்தது. ஆனால் அடுத்த இரண்டு வருடம் நான் செய்த வேலை முழுவதும் அந்தத் துணிகளில் இருந்துதான் வந்தது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ரெசிடென்சி நாட்களில் உங்கள் வழக்கமான வருமானம் நின்றுவிடும். பள்ளியில் வேலை செய்யும் ஒருத்தி நாலு வாரம் லீவு கேட்டால் திரும்பி வரும்போது அந்த வேலை இருக்குமா என்று யோசித்தே ஆக வேண்டும். இன்னொன்று மொழி. டெல்லியில் இங்கிலீஷோ ஹிந்தியோ இல்லாமல் முதல் வாரம் திணறலாம். அது பயந்து விட்டுவிடுகிற அளவுக்குப் பெரிய தடை இல்லை, இரண்டாவது வாரத்தில் எல்லாரும் படத்தைக் காட்டிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

மொழி என்றதும் நான் அதிகம் பேச விரும்பும் இடத்துக்கு வந்துவிட்டேன். பெங்களூரில் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ், சுருக்கமாக ஐ.எஃப்.ஏ. 1993-இல் பதிவானது, 1995 முதல் நல்கை கொடுத்து வருகிறது. அரசுப் பணம் இல்லாமல் தனிநபர்களிடமும் அறக்கட்டளைகளிடமும் நிறுவனங்களிடமும் திரட்டி, அதைக் கலைஞர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் அமைப்பு. அங்கே தமிழிலேயே விண்ணப்பம் எழுதலாம். எந்த இந்திய மொழியிலும் எழுதலாம். இதை நான் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "நிஜமாவா அண்ணா?" என்றாள்.

எத்தனை பேர் தங்கள் வேலையைப் பற்றி விளக்கும் இங்கிலீஷ் ஸ்டேட்மென்ட் எழுத வராது என்ற ஒரே காரணத்துக்காக ஒதுங்கி நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். கல்லூரியில் மாடல் வைத்து வரையும்போது முதல் ஆளாக இருந்தவர்கள், விண்ணப்பப் படிவத்தைப் பார்த்ததும் பேனாவை மூடிவிடுகிறார்கள். அல்லது யாரிடமாவது எழுதி வாங்குகிறார்கள், அது எங்கேயோ கேட்ட மாதிரியே இருக்கிறது. அவள் எனக்கு அனுப்பியிருந்த இங்கிலீஷ் ஸ்டேட்மென்டில் நினைவு, அடையாளம், உடல், வெளி என்று நாலு வார்த்தைகள் மாறி மாறி வந்தன. விளக்கு என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. போனில் மட்டும் அப்பாவைப் பற்றிச் சொன்னாள்: காவிரி வண்டல் மண்ணில் அச்சு எடுப்பார்கள், உருக்கின பித்தளையை ஊற்றி ஆறவிட்டு அச்சை உடைத்துவிடுவார்கள், உடைந்த மண்ணில் விளக்கின் தடம் கொஞ்ச நேரம் இருக்கும், பிறகு அதையே இடித்துச் சலித்து அடுத்த அச்சுக்கு எடுத்துக்கொள்வார்கள், சின்ன வயதில் அந்தத் தடத்தில் விரல் வைத்துப் பார்ப்பேன் என்றாள். அச்சோவியம் செய்கிற ஒருத்தி, அப்பாவும் அச்சு வேலை, ஒரு அச்சு தங்குகிறது, ஒரு அச்சு உடைகிறது. இதைவிட நல்ல திட்டம் எனக்குத் தெரிந்து இந்த வருடம் யாரும் சொல்லவில்லை. இதைத் தமிழில் எழுது, போனில் சொன்ன மாதிரியே எழுது என்றேன்.

ஐ.எஃப்.ஏ. போன்ற இடத்தில் கேட்பது தெளிவான ஒரு திட்டம். என்ன செய்யப் போகிறீர்கள், ஏன் இப்போது, ஏன் நீங்கள், எவ்வளவு நாள், எவ்வளவு செலவு. முடிந்த பிறகு கணக்கும் கொடுக்க வேண்டும், என்ன நடந்தது என்ற அறிக்கையும் கொடுக்க வேண்டும், செய்ததன் பதிவு அவர்களுடைய ஆவணக் காப்பகத்துக்கும் போகும். சும்மா ஸ்டுடியோவில் உட்கார்ந்து வரையக் காசு வேண்டும் என்பவர்களுக்கு இது பொருந்தாது. ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருக்கிறது, அதைத் துரத்த ஒரு வருடம் வேண்டும் என்பவர்களுக்குப் பொருந்தும். காசு தீர்ந்த மறுநாள் கையில் இருப்பது அந்தக் கேள்விக்கான பாதிப் பதிலும், அதைத் துரத்தும் பழக்கமும். என்னைக் கேட்டால் அதுதான் நிற்கும்.

இதில் அவளுக்கு நான் சொன்னது: இந்த வருடம் போடாதே. பட்டறையில் ஆறு மாதம் உட்கார். அப்பாவோடு வேலை செய்கிறவர்களிடம் பேசு, குறிப்பு எடு, அச்சு உடைகிற அந்தக் கொஞ்ச நேரத்தைப் படம் எடு, பத்துத் தகடாவது போட்டுப் பார். அதற்குப் பிறகு எழுதினால் திட்டம் தானாக வரும்.

வெளிநாட்டுத் தொகை இரண்டு. கனடாவின் மாண்ட்ரியலில் எலிசபெத் கிரீன்ஷீல்ட்ஸ் அறக்கட்டளை, 1955-இல் தொடங்கியது. உருவம் தெரிகிற மாதிரி வரைபவர்களுக்கு மட்டும்தான், அரூப ஓவியத்துக்குக் கிடையாது. ஓவியம், கோட்டோவியம், அச்சோவியம், சிற்பம், இவ்வளவுதான். எந்த நாட்டவரும் போடலாம். கடைசித் தேதி என்று ஒன்றும் இல்லை, வருடம் முழுக்க அனுப்பலாம். முதல் நல்கை 15,000 கனடா டாலருக்குக் குறையாது, ரூபாயில் ஒன்பது லட்சம் பக்கம். கும்பகோணம், சென்னை கல்லூரிகளில் உருவம் வரைவதில் நம் பிள்ளைகளுக்கு இருக்கும் கை சாதாரணமானது இல்லை. ஆனால் வெளியே வந்ததும் "இதெல்லாம் பழைய பாணி" என்று யாராவது சொல்ல, வரைவதையே விட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்காகவே ஒரு அறக்கட்டளை எழுபது வருடமாக இருக்கிறது. இதற்கு நிறையப் பேர் போட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். உலகம் முழுக்கப் போட்டி, கிடைப்பது கஷ்டம், ஆனால் முக்கியமாக அனுப்ப வேண்டியது உங்கள் வேலையின் நல்ல படங்கள்தான், அதை எப்படியும் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

நெதர்லாந்தின் பிரின்ஸ் கிளாஸ் ஃபண்ட் 2021-இல் சீட் அவார்டு என்று ஒன்றைத் தொடங்கியது. வருடத்துக்கு 100 பேர், ஆளுக்கு 5,000 யூரோ, என்ன செய்வாய் என்ற நிபந்தனை கிடையாது. தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு, அதிலும் தங்கள் ஊரில் நடக்கும் சமூகப் பிரச்சினைகளைத் தொட்டு வேலை செய்பவர்களுக்கு முன்னுரிமை. நிபந்தனையில்லாத பணம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று கடன் அடைத்தவர்களுக்குத்தான் தெரியும். வெளிநாட்டுப் பணம் எதுவாக இருந்தாலும் வங்கி எதற்காக வருகிறது என்று கேட்கும், நல்கைக் கடிதத்தைக் காட்ட வேண்டியிருக்கும், வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் உங்கள் விஷயத்தில் பொருந்துமா என்பதை ஒரு ஆடிட்டரிடம் முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள். பணம் வந்த பிறகு ஓடுவதைவிட அது சுலபம்.

அடுத்தது இன்லாக்ஸ். 1976-இல் தொடங்கிய அறக்கட்டளை, 30 வயதுக்குள் இருப்பவர்களுக்கு வெளிநாட்டில் மேற்படிப்புக்கு ஒரு லட்சம் அமெரிக்க டாலர் வரை தருகிறது. ஆனால் முதலில் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கிவிட்டு வர வேண்டும். பிரிட்டன் போக நினைப்பவர்களுக்குச் சார்ல்ஸ் வாலஸ் டிரஸ்டும் இருக்கிறது. கல்கத்தாவில் ஷா வாலஸ் கம்பெனியைத் தொடங்கியவர் விட்டுப்போன சொத்தில் நடப்பது, படிப்புக்கும் குறுகிய காலப் பயணத்துக்கும் உதவுகிறது, ஆனால் முதுகலைப் படிப்புக்கு முழுச் செலவையும் தராது, மீதியை நீங்கள் வேறு இடத்தில் திரட்ட வேண்டும். இரண்டும் நல்லவைதான். ஆனால் படிக்கப் போக வேண்டும் என்ற முடிவு முதலில் உங்களுடையதாக இருக்க வேண்டும். காசு கிடைக்கிறதே என்று படிக்கப் போய், திரும்பி வந்து எதைச் செய்வது என்று தெரியாமல் நின்றவர்களும் இருக்கிறார்கள். அவளுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

கல்லூரியில் இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள் கொச்சியில் மாணவர்களுக்கென்றே நடக்கும் கலைக் கண்காட்சியான ஸ்டூடண்ட்ஸ் பினாலேயை விட்டுவிடாதீர்கள். 2014-லிருந்து நடக்கிறது, அரசுக் கல்லூரி மாணவர்களைத் தேடி வருகிறார்கள். பெரிய பணம் இல்லை. ஆனால் உங்கள் வேலையை அவ்வளவு பேர் பார்க்கும் சந்தர்ப்பம் அந்த வயதில் வேறு எங்கும் வராது.

சின்னச் சின்ன நல்கைகள் எப்படிக் கோத்துக்கொள்கின்றன என்பதற்கு நம் கண் முன்னால் இருக்கும் ஆள் புகைப்படக்காரர் எம். பழனி குமார். மதுரைப் பக்கத்துக்காரர், மலக்குழிகளில் இறங்கி வேலை செய்பவர்களின் வாழ்க்கையை வருடக்கணக்காகப் படம் எடுத்தவர், கக்கூஸ் ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். 2020-இல் சம்யக் திருஷ்டி, போட்டோ சவுத் ஏசியா நல்கை, அடுத்த வருடம் ஆம்பிளிஃபை நல்கை, 2022-இல் தயானிதா சிங்–பாரி (கிராமப்புற இந்தியாவைப் பதிவு செய்யும் இணைய இதழ்) ஆவணப் புகைப்பட விருது, அதுவும் முதல் விருதே அவருக்கு. வரிசையைப் பாருங்கள். கக்கூஸ் வந்தது 2017-இல், நல்கைகள் எல்லாம் அதற்குப் பிறகு. அவர் எடுத்துக்கொண்ட விஷயம் நல்கைக்காக மாறவே இல்லை. நல்கை தேடி வந்தபோது காட்டுவதற்கு வேலை தயாராக இருந்தது.

இப்போது யாரும் முன்கூட்டியே சொல்லாத ஒரு விஷயம், தவணை. பெரும்பாலான நல்கைகள் மொத்தமாக வராது. முதல் தவணை, நடுவில் அறிக்கையும் கணக்கும், அதைப் பார்த்த பிறகு இரண்டாவது தவணை. நான் ஒருமுறை ஒரு அறக்கட்டளையிடம் (பெயர் வேண்டாம்) வாங்கிய நல்கையில் இரண்டாவது தவணை எட்டு மாதம் தாமதமாக வந்தது. நான் அனுப்பிய கணக்கில் தாள் வாங்கிய மூன்று பில்லில் கடை முத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பி, மறுபடி அனுப்பி, அங்கே பார்க்கிறவர் மாறி, மறுபடி முதலிலிருந்து. நான் தவணை வந்துவிடும் என்று நம்பிக் கடனுக்கு பிரேம் போட்டுவிட்டேன். பிரேம் கடைக்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றது இன்னும் மறக்கவில்லை. அப்போதிலிருந்து பில்லை வாங்கும்போதே முத்திரை கேட்டு வாங்கி, போனில் படம் எடுத்து, தேதி போட்டு ஒரு ஃபைலில் வைத்துவிடுவேன். முதல் தவணைக்குள் முடிகிற வேலையை மட்டும்தான் முதல் பாதியில் வைப்பேன்.

பட்ஜெட் போடும்போது உங்கள் சம்பளம் என்று ஒரு தொகையும் எழுதுங்கள். தகட்டுக்கு இவ்வளவு, ஆசிட்டுக்கு இவ்வளவு, பஸ்ஸுக்கு இவ்வளவு என்று பைசா வரை எழுதிவிட்டு, ஒரு வருடம் உழைக்கிற ஆளுக்கு ஒன்றும் எழுதாத பட்ஜெட்டை எத்தனையோ பார்த்துவிட்டேன். கேட்டால் கொடுக்க மாட்டார்களோ என்று பயம். விதிமுறையில் இடம் இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுத் தைரியமாகப் போடுங்கள். வரி பிடித்தம் செய்து கொடுத்தால் டிடிஎஸ் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யுங்கள், வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தால் அது திரும்பி வரும்.

நல்கை எதுவும் கிடைக்காத வருடங்களும் வரும், எனக்குத் தொடர்ச்சியாக மூன்று வருடம் வந்தது. அப்போது கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமி ஸ்டுடியோதான் என்னைக் காப்பாற்றியது. சின்னக் கட்டணத்தில் அச்சு எடுக்கும் பிரஸ் கிடைத்தது. ஓவியர்கள் கிராமமான சோழமண்டலத்தை நினைத்துக்கொள்வேன்: 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று, அந்தக் காசைச் சேர்த்து ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். பகலில் விற்கிற வேலை, மீதி நேரத்தில் தங்கள் வேலை. பள்ளியில் டிராயிங் டீச்சராக இருப்பதை அவள் ஏதோ தோல்வி மாதிரிச் சொன்னாள். அது அவளுடைய முதல் நல்கை, அவளே அவளுக்குக் கொடுத்துக்கொள்வது, அதை விடாதே என்றேன்.

கடைசியில் அவளுக்குப் போட்டுக் கொடுத்த வரிசை இது. அமைச்சகத்தின் உதவித்தொகையை இந்த வருடமே போடுவது, குருவின் கடிதத்தை அடுத்த வாரமே கேட்டு வைப்பது. கோஜ் பியர்ஸ் அறிவிப்பு வந்ததும் போடுவது, ஆனால் பள்ளி நிர்வாகத்திடம் லீவைப் பற்றி இப்போதே பேசிவிடுவது. கிரீன்ஷீல்ட்ஸுக்குத் தேதி இல்லை என்பதால் பத்துத் தகடு தயாரானதும் அனுப்புவது. ஐ.எஃப்.ஏ.வுக்கு அடுத்த வருடம், தமிழில். இரண்டு இடத்தில் ஒரே சமயத்தில் கிடைத்தால் சந்தோஷப்பட்டுக் கையெழுத்துப் போடும் முன், வேறு உதவித்தொகை வாங்கக் கூடாது என்ற விதி ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது. வயது, தொகை, தேதி எல்லாம் மாறக்கூடியவை, அந்தந்த வருடத்து அறிவிப்பைப் படித்துவிட்டே போடுங்கள்.

நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். உடைந்த மண் அச்சு, உள்பக்கம் விளக்குத் தண்டின் வளையங்கள், ஓரத்தில் அவளுடைய கட்டைவிரல் அளவுக்காக. கீழே, "அப்பா இதை இடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருக்குன்னார், அதுக்குள்ள மூணு ஸ்கெட்ச் போட்டுட்டேன் அண்ணா" என்று எழுதியிருந்தாள்.